குடையில்லாமல் நடக்கும் ஊர்

பொலோன்யாவில் மழை வந்தால் யாரும் ஓடுவதில்லை. காய்கறிப் பையோடு போகும் பாட்டி அதே வேகத்தில் போகிறார். மாணவர்கள் பேச்சை நிறுத்துவதில்லை. மழை தெருவின் நடுவே மட்டும் பெய்கிறது. தெருவோரம் முழுக்கத் தாழ்வாரம். வீடுகளின் மேல்தளம் தெருப்பக்கம் நீண்டு, தூண்கள் அதைத் தாங்கி நிற்க, அடியில் ஊர் நடமாடுகிறது. பழைய நகரத்துக்குள் மட்டும் இப்படி 38 கிலோமீட்டர். வெளியே இருப்பவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். யுனெஸ்கோ இந்தத் தாழ்வாரங்களை 2021-ல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது.

இத்தாலிக்குப் போகும் நம்மவர்களில் பலர் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று போய்வருகிறார்கள். பொலோன்யா அவர்களுக்கு ரயில் மாறும் ஊர். அந்த ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, கையில் வரைபடம் இல்லாமல், ஊர்க்காரர்கள் போகும் திசையிலேயே போய்ப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் நடக்கத் தோதான ஊர்கள் பல உண்டு. நடப்பவருக்கு நிழலும் கூரையும் தரவேண்டும் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் எழுதி, அந்தச் சட்டப்படியே வளர்ந்த ஊர் இது.

சட்டம் போட்ட நிழல்

பொலோன்யாப் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1088 என்று சொல்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம். சட்டம் படிக்க ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து வணிகர்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். மதிலுக்குள் இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடி அறைகளை மரச் சட்டம் கொடுத்துத் தெருவுக்கு மேலே நீட்டினார்கள். நீட்டிய பகுதி கனத்தபோது கீழே முட்டுக் கொடுத்தார்கள். முட்டுகள் தூண்களாயின; தூண்களுக்கும் சுவருக்கும் இடையே ஒரு நடை உருவானது.

தெருவை ஆக்கிரமித்த இந்த நீட்டல்களைப் பல ஊர்கள் இடித்துத் தள்ளின. பொலோன்யா வேறு வழி கண்டது. 1288-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், புதிதாகக் கட்டும் வீடுகளுக்குத் தாழ்வாரம் கட்டாயம் என்றது. பழைய வீட்டில் இல்லாவிட்டால் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றது. குதிரைமேல் வருபவர் குனியாமல் போகும் அளவுக்கு, பொலோன்யா அடிக்கணக்கில் ஏழு அடி, அதாவது ஏறக்குறைய 2.66 மீட்டர் உயரம் வேண்டும். தாழ்வாரத்தைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் அதில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மேலே அறை கட்டிக்கொள்ள ஊர் இடம் கொடுத்தது. கீழே நடக்க வீட்டுக்காரர் இடம் கொடுத்தார். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. திண்ணை வைத்துக் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

இந்த ஏற்பாட்டைக் காலே சொல்லிவிடும். ஒரு வீட்டின் முன்னால் வழவழப்பான சலவைக்கல் சில்லுத் தரை. நாலு தூண் தாண்டியதும் சொரசொரப்பான மணற்கல். அடுத்த வீட்டில் செங்கல் பாவியது. ஓரிடத்தில் ஒரு படி ஏறுகிறோம், இன்னோரிடத்தில் இரண்டு படி இறங்குகிறோம். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு வாசலைத் தன் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்ப அமைத்திருக்கிறது. தலைக்கு மேலே வளைகூரை மாறுகிறது, தூண்களின் வேலைப்பாடு மாறுகிறது. நடை மட்டும் அறுபடுவதில்லை.

ஆரம்பத்தில் எல்லாமே மரத் தூண்கள். தீப்பிடிக்கும், உளுத்துப்போகும் என்பதால் 1568-ல் போப்பாண்டவர் ஆட்சியின் ஆளுநர் மரத்தை எடுத்துவிட்டுச் செங்கல்லிலோ கல்லிலோ கட்டச் சொன்னார். அந்த ஆணைக்கும் தப்பிய சில இன்னும் நிற்கின்றன. ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் 19-ஆம் எண், காசா இசொலானி. 13-ஆம் நூற்றாண்டு வீடு. ஏறக்குறைய ஒன்பது மீட்டர் உயர ஓக் மரக்கால்கள் மூன்றாவது தளத்தைத் தாங்குகின்றன. மரம் கறுத்து, வெடித்து, இரும்புபோல இறுகிக் கிடக்கிறது. அதன் அடியில் எப்போது போனாலும் இரண்டு பேராவது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். உத்தரத்தில் மூன்று அம்புகள் குத்தி நிற்பதாக ஊரில் ஒரு கதை. துரோகம் செய்த மனைவியைக் கொல்லக் கணவன் வில்லாளிகளை ஏவினானாம்; சாளரத்தில் அவள் ஆடையின்றி வந்து நிற்க, அவர்கள் குறி தவறிவிட்டதாம். கதை எப்படியோ போகட்டும். பேரப்பிள்ளையின் தலையைப் பிடித்துச் சரியான கோணத்துக்குத் திருப்பி, "அதோ, அந்த மூலையில்" என்று காட்டும் தாத்தாவைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வழியாகப் போவேன்.

சாய்ந்து நிற்கும் கரிசெண்டா

ஸ்த்ராதா மஜ்ஜோரே நேர்க்கோடாக ஓடுவதற்குக் காரணம் உண்டு. கி.மு. 187-ல் ரோமானியர் ரிமினியிலிருந்து பியாச்சென்ட்சா வரை போட்ட எமிலியா நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. அதைப் பிடித்து நகரின் நடுவுக்கு வந்தால் இரட்டைக் கோபுரங்கள். ஐந்து பழைய தெருக்கள் இங்கிருந்து விசிறியாக விரிகின்றன. அதனால் பொலோன்யாவில் வழி தவறுவது கடினம். எந்தச் சந்தில் நுழைந்தாலும், இரண்டு கூரைகளுக்கு நடுவே கோபுர நுனி எங்காவது எட்டிப்பார்க்கும்.

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பெருங்குடும்பங்கள் பகையிலும் பெருமையிலும் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் கட்டின. நூறு வரை இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இன்று ஏறக்குறைய இருபது மிஞ்சியிருக்கின்றன. உயரமானது அசினெல்லி: 97 மீட்டர், 498 படிகள். பட்டம் வாங்குவதற்கு முன் ஏறினால் பட்டமே கிடைக்காது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். பக்கத்தில் குட்டையாகச் சாய்ந்து நிற்பது கரிசெண்டா, 48 மீட்டர். மண் இறங்கிக் கோபுரம் சாய்ந்ததால் 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் மேல்பகுதியை அகற்றினார்கள். அதற்கு முன்பே கவிஞர் தாந்தே அதைப் பார்த்துவிட்டார். சாய்வின் அடியில் நின்று பார்க்கும்போது எதிர்த்திசையில் மேகம் நகர்ந்தால் கோபுரமே நம்மேல் விழுவதுபோல் தோன்றும். நரகத்தைப் பாடிய பகுதியில் ஓர் அரக்கன் குனிவதைச் சொல்ல அவர் இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்கொண்டார்.

2023 அக்டோபரில் கரிசெண்டாவின் அடித்தளம் நலிந்துவருவதாக அளவுமானிகள் காட்டின. சுற்றுப்புறத்தை அடைத்துவிட்டார்கள், அசினெல்லியில் ஏறுவதும் நின்றது. கோபுரத்தின் காலடியில், இடிபாடு விழுந்தால் தடுக்கும் பெரிய அரண். பைசா கோபுரத்தைக் காப்பாற்றியபோது உதவிய எஃகுச் சட்டங்களை இங்கும் பயன்படுத்தத் திட்டமிட்டார்கள். வேலித் தடுப்பின் ஓரத்தில் முதியவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வேலையைக் கவனிக்கிறார்கள். நகரில் எங்கே பள்ளம் தோண்டினாலும் இப்படி நின்று பார்ப்பது இந்த ஊர் முதியவர்களின் பழக்கம். இத்தாலி முழுக்க அதற்குப் பெயர்போனவர்கள். கரிசெண்டாவின் முன்னால் அந்தக் கவனிப்பில் கவலையும் கலந்திருந்தது. "என் அப்பாவும் இங்கே நின்றுதான் பார்ப்பார்" என்றார் அவர்களில் ஒருவர். "இது நின்றால்தான் நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று தெரியும்."

எல்லோருக்குமான முற்றம்

கோபுரங்களிலிருந்து ஐந்து நிமிட நடையில் பியாட்சா மஜ்ஜோரே. ஊரின் பெரிய சதுக்கம். ஒருபக்கம் சான் பெத்ரோனியோ தேவாலயம், 1390-ல் தொடங்கியது. முகப்பின் கீழ்ப்பாதியில் சலவைக்கல், மேல்பாதியில் வெறும் செங்கல். அதை முடிக்கப் பல நூற்றாண்டுகளாக எத்தனையோ வரைபடங்கள் போட்டார்கள், எதுவும் நிறைவேறவில்லை. அந்தப் பாதி முகத்தோடுதான் ஊர் அதை நேசிக்கிறது.

உள்ளே தரையில் பதித்த ஒரு கோட்டைப் பார்க்க நண்பகலுக்குப் போக வேண்டும். வானியலாளர் கசினி 1655-ல் அமைத்தது. நீளம் ஏறக்குறைய 67 மீட்டர். 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சிறு துளை. அதன் வழியே வரும் சூரியனின் வட்ட பிம்பம் உள்ளூர் நண்பகலில் கோட்டைத் தொட்டுக் கடக்கிறது. கோடைக்காலத்தில் கடிகாரம் ஒன்றேகால் வாக்கில் காட்டும்போது அது நடக்கும். ஆண்டு முழுக்க அந்த வட்டம் சிறுத்துப் பெருப்பதை அளந்துதான், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான ஓட்டத்தின் வேகம் கெப்ளர் சொன்னபடியே மாறுகிறது என்பதற்குக் கசினி சான்று காட்டினார். கலிலியோ மீதான தீர்ப்பு வெளியாகி 22 ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வான ஆராய்ச்சிக்குத் தேவாலயமே கருவியானது.

எதிரே பொதெஸ்தா மாளிகை. அதன் அடியிலுள்ள வளைகூரை நாற்சந்தியில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால், எதிர்மூலையில் சுவரில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். இங்கே எப்போதும் யாராவது சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நாலடி தள்ளி, சிற்பி ஜம்போலோஞா 1560-களில் செய்த நெப்டியூன் நீரூற்று. இந்த ஊரில் 1914-ல் தொடங்கிய மசெராட்டி நிறுவனம் தன் காரின் முத்திரையாக எடுத்துக்கொண்டது இந்த நெப்டியூனின் கையிலிருக்கும் சூலத்தைத்தான்.

நீரூற்றை ஒட்டிய சுவரில் கண்ணாடிக்குள் சிறுசிறு புகைப்படங்கள், ஏறக்குறைய 2000 முகங்கள். நாஜிப் படையையும் பாசிசத்தையும் எதிர்த்து இறந்த விடுதலைப் போராளிகள். 1945 ஏப்ரல் 21-ல் நகரம் விடுதலையானதும், எதிரிகள் அவர்களில் சிலரைச் சுட்டுக் கொன்ற அந்தச் சுவரில் குடும்பத்தார் படங்களையும் பூக்களையும் ஒட்டத் தொடங்கினார்கள். அதுவே நினைவிடமாக நிலைத்தது. அந்தச் சுவரின் பின்னால்தான் நகர நூலகம் சலாபோர்சா. பங்குச் சந்தைக் கூடமாக இருந்த இடம், 2001-லிருந்து நூலகம். நுழையச் சீட்டு வேண்டாம். நடுக்கூடத்தின் கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் தெரிகின்றன. மேலே பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். கால் வலித்தால் உட்கார இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

கோடை இரவுகளில் சதுக்கம் திரையரங்காகிவிடும். சினெதேகா என்னும் நகரத் திரைப்பட ஆவணக்காப்பகம் பெரிய திரை கட்டிப் பழைய படங்களை இலவசமாகக் காட்டுகிறது. 1986 முதல் நடக்கும் மீட்டெடுத்த படங்களின் விழா ஜூன் இறுதியில் வரும். 2025 ஜூனில் இந்தச் சதுக்கத்தில் 'ஷோலே'வின் வெட்டப்படாத புதுப்பித்த பிரதி முதன்முதலாக ஓடியது. நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உறவும் உண்டு. நடனக் கலைஞர் உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்து 1948-ல் வெளியிட்ட 'கல்பனா'வின் சேதமடைந்த பிரதியைப் புதுப்பித்தது இந்த ஊரின் லிம்மாஜினே ரித்ரொவாத்தா ஆய்வகம்தான். 2012-ல் அது கான் விழாவில் காட்டப்பட்டது. சென்னையில் பதிவான நடனம் மறுபடி உயிர்பெற்ற ஊர் இது என்று நினைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு ஊராரோடு படம் பார்ப்பது எனக்குப் பெரிய நிறைவு.

அங்காடிச் சந்துகள்

சதுக்கத்தின் கிழக்கே குவாத்ரிலாத்தெரோ. இடைக்காலத்துக் கைவினைச் சங்கங்கள் இருந்த சந்துகள். மீன்சந்தை, துணிச்சந்தை என்று தெருப்பெயர்களிலேயே தொழில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் வந்தால் ஊர்க்காரர்கள் வாங்குவதைப் பார்க்கலாம். பத்தரைக்குமேல் கூட்டம் நம்மைப் போன்றவர்களுடையது.

கடைச் சாளரங்களுக்குள் பெண்கள் நீண்ட உருட்டுக்கட்டையால் முட்டை மாவைத் தேய்க்கிறார்கள். பலகையின் மரவரிகள் ஊடே தெரியும் அளவுக்கு மாவு மெலிகிறது. அதைச் சுருட்டி அரிந்தால் தல்யத்தெல்லே. சமைத்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அசினெல்லிக் கோபுர உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு என்று 1972-ல் வணிகக் கழகத்தில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஊற்றும் இறைச்சிக் குழம்பு ராகூவின் செய்முறை 1982-ல் பதிவானது. ஸ்பெகட்டியோடு அதைச் சேர்ப்பது இந்த ஊர் வழக்கமில்லை. பன்றியிறைச்சியும் சீஸும் ஜாதிக்காயும் அடைத்த தொர்த்தெல்லினியைத் தெளிந்த இறைச்சி ரசத்தில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். சைவர்களுக்கும் இங்கே நிறைவான உணவு உண்டு: ரிக்கோத்தா சீஸ் அடைத்த தொர்த்தெல்லோனியை வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டித் தருவார்கள்.

ரனோக்கி சந்தில் ஒரு சிறிய கதவு. 1465 முதல் மதுக்கடை இருந்துவரும் இடம், ஒஸ்தெரியா தெல் சோலே. அங்கே சமையல் கிடையாது. சாப்பாட்டை நாமே வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவர்களிடம் குடிக்க மட்டும் வாங்கலாம். பக்கத்துக் கடையில் ரொட்டியும் சீஸும் பொதிந்து வாங்கிக்கொண்டு, நீளமேசையில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெரியவர் தன் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் தள்ளி வைத்தார். நானும் என்னுடையதை நடுவில் வைத்தேன். பேச்சு தானாக வந்தது.

அதே சந்துகளுக்குள், கறிக்கடைகளின் சத்தத்துக்கு நடுவே, சாந்தா மரியா தெல்லா வீத்தா தேவாலயம். உள்ளே 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கோலோ தெல்லார்க்கா சுடுமண்ணில் செய்த உருவங்கள்: இறந்து கிடக்கும் இயேசுவைச் சுற்றி அழும் பெண்கள். மரியா மக்தலேனாள் வாய்விட்டு அலறி ஓடிவருகிறாள். காற்றில் ஆடை பின்னால் பறக்கிறது. ஒப்பாரியின் உச்சத்தை மண்ணில் பிடித்த அந்தக் கைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். கூடையோடு கறி வாங்க வந்த ஒரு பெண் உள்ளே வந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குப் போனார். பெருங்கலை அவருடைய அன்றாட வழியில் இருக்கிறது.

மாணவர்களின் தெரு

பவல்யோனே என்னும் 139 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் நடந்தால் அர்க்கிஜின்னாசியோ வரும். சிதறிக் கிடந்த பல்கலைக்கழகத்துக்கு 1563-ல் கிடைத்த முதல் நிலையான கட்டடம். சுவரும் கூரையும் தெரியாதபடி ஆயிரக்கணக்கான மாணவர்களின் குடும்பச் சின்னங்கள். மாடியில் 1637-ல் மரத்தால் அமைத்த உடற்கூறு அரங்கம். நடுவே சலவைக்கல் மேசை, சுற்றிலும் படிவரிசை இருக்கைகள். ஆசிரியர் இருக்கைக்கு மேலுள்ள விதானத்தைத் தோலுரித்த இரண்டு மர மனிதர்கள் தாங்குகிறார்கள். 1944 ஜனவரி 29-ல் குண்டு விழுந்து இந்த அரங்கம் நொறுங்கியது. இடிபாட்டுக்குள்ளிருந்து மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, பழையபடியே பொருத்திக் கட்டினார்கள்.

இன்றைய மாணவர்களைப் பார்க்க வியா ஸம்போனிக்குப் போக வேண்டும். 1732-ல் பட்டம் பெற்று இதே பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறும் பேராசிரியரான லவுரா பாஸி பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் அப்படியொரு பதவி பெற்ற முதல் பெண் அவர். பட்டமளிப்புக் காலத்தில் தெரு முழுக்கப் புன்னை இலைபோல் பளபளக்கும் லாரல் இலைகளால் கட்டிய மாலை தலையில் சூடிய இளைஞர்கள். நண்பர்கள் சூழ்ந்து பாடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த அம்மாக்கள் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கொண்டாட்டத்துக்குத் தனி மண்டபம் தேவையில்லை, தாழ்வாரமே மண்டபம்.

ஊர் தங்கியதால்தான் ஊர்

வியா பியெல்லாவில் ஒரு சுவரில் சிறு சாளரம். திறந்தால் கீழே கால்வாய் ஓடுகிறது, இருபுறமும் வீடுகளின் பின்சுவர். ஒரு காலத்தில் ரேனோ ஆற்று நீரை இப்படிக் கால்வாய்களில் கொண்டுவந்துதான் பட்டுநூல் ஆலைகளைச் சுழற்றினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள். 20-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான கால்வாய்கள்மேல் சாலை போட்டுவிட்டார்கள். இந்தச் சாளரத்தில் படமெடுக்க இன்று வரிசை நிற்கிறது. வரிசையை விட்டு அடுத்த பாலத்துக்குப் போனால் அதே நீரை அமைதியாகப் பார்க்கலாம்.

இதைச் சுற்றியுள்ள எளிய வீடுகள் இன்னும் வீடுகளாகவே இருப்பதற்குப் பின்னால் ஒரு கொள்கை முடிவு உண்டு. பிற ஊர்கள் பழைய குடியிருப்புகளை இடித்துக்கொண்டிருந்த காலத்தில், கட்டடக் கலைஞர் பியெர் லூயிஜி செர்வெல்லாத்தியின் வழிகாட்டலில் பொலோன்யா நகராட்சி 1973-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய நகரின் தொழிலாளர் குடியிருப்புகளைப் பொதுப்பணத்தில் செப்பனிட்டு, அங்கே குடியிருந்தவர்களையே மறுபடி குடியமர்த்துவது. சுவரைக் காப்பதோடு சுவருக்குள் வாழ்பவரையும் காக்க வேண்டும் என்ற எண்ணம். சான் லியொனார்தோ தெருவில் அப்படிச் செப்பனிட்ட வரிசை வீடுகளின் முன்னால் நடக்கலாம். துணி காய்கிறது, வானொலி கேட்கிறது.

அந்த எண்ணத்துக்கு இப்போது சோதனைக் காலம். விமானங்கள் பெருகி, குறுகிய நாள் வாடகை வீடுகள் பெருகி, மாணவர்களுக்கு அறை கிடைப்பது அரிதாகிவிட்டது. காப்பிக்கடை நடத்தும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். "இந்தப் படிக்கட்டில் முன்பு எல்லார் பெயரும் எனக்குத் தெரியும்" என்றார். "இப்போது பெட்டிச் சக்கரத்தின் சத்தம் மட்டும்தான் தெரிகிறது." உள்ளூர்க்காரரைப் போல ஒரு நகரைப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் அங்கே உள்ளூர்க்காரர் இருக்க வேண்டும். நாம் எங்கே தங்குகிறோம் என்பதிலேயே அந்தப் பொறுப்பு தொடங்குகிறது. தங்குவதற்கென்றே உள்ள விடுதியிலோ, வீட்டுக்காரரும் கூடவே வாழும் வீட்டிலோ தங்குவது ஊருக்கு நாம் செய்யும் உதவி.

10:25

வார இறுதியில் நடுநகரத்தின் மூன்று பெருந்தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். தெரு முழுக்க நடப்பவர்களுக்கு. அவற்றில் ஒன்று வியா இந்திபென்தென்ட்சா, சதுக்கத்திலிருந்து ரயில் நிலையம் நோக்கிப் போவது.

1980 ஆகஸ்ட் 2, விடுமுறைக் கூட்டம் நிறைந்த காலை 10:25-க்கு அந்த நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் நவபாசிசத் தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். ஆம்புலன்ஸ் போதாமல் 37-ஆம் எண் நகரப் பேருந்தில் சாளரங்களுக்கு வெள்ளைத் துணி கட்டி உடல்களைக் கொண்டுபோனார்கள். நிலைய முகப்பில் ஒரு கடிகாரம் இன்றும் 10:25 காட்டுகிறது. கூடத்தின் சுவரில் வெடித்த பிளவை மூடாமல் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 2 காலையில் சதுக்கத்திலிருந்து மக்கள் இந்தத் தெரு வழியே நிலையம்வரை நடந்துபோய், அந்த நிமிடத்தில் மௌனமாக நிற்கிறார்கள். துக்கத்தையும் நடந்தே சுமக்கிற ஊர் இது.

மலைவரை நீளும் கூரை

கடைசியாக ஒரு பகலை சான் லூக்காவுக்கு ஒதுக்க வேண்டும். சரகோட்சா வாயிலிலிருந்து மேற்கே குன்றின் உச்சியிலுள்ள மாதா கோயில்வரை ஒரே தாழ்வாரம், 3.8 கிலோமீட்டர், 660-க்கும் மேற்பட்ட வளைவுகள். உலகில் இவ்வளவு நீளமான தாழ்வாரம் வேறில்லை. 1433-ல் விடாமழையில் பயிர் அழுகும் நிலை வந்தபோது குன்றிலிருந்த மாதா படத்தை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மழை நின்றது என்பது ஊரின் நம்பிக்கை. அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் மாதா ஊருக்குள் வந்து திரும்புகிறாள். அந்த ஊர்வலம் நனையாமல் போகத்தான் 1674-ல் இந்தத் தாழ்வாரத்தைத் தொடங்கினார்கள். செலவைப் பிரபுக்கள், கைவினைச் சங்கங்கள், பணிப்பெண்கள் என்று எல்லாத் தரப்பினரும் பகிர்ந்துகொண்டார்கள். யார் கொடுத்தார்கள் என்பதை வளைவுகளின் சுவர்களில் கல்வெட்டாகப் படிக்கலாம். 1677-ல் மக்கள் வரிசையாக நின்று கட்டுமானப் பொருள்களைக் கைக்குக் கை மாற்றிக் குன்றின்மேல் சேர்த்தார்கள். அந்த நிகழ்வை இப்போதும் அக்டோபரில் நடித்துக் காட்டுகிறார்கள்.

மெலோன்செல்லோ வளைவுவரை சமதரை. அங்கே சாலையைத் தாண்ட ஒரு பாலம்போல் தாழ்வாரம் வளைகிறது. அதன்பின் ஏற்றம். சரிவும் படியும் மாறிமாறி வர, சுவரில் செபமாலை மறைபொருள்களின் சிறு ஆலயங்கள். எனக்கு முன்னால் போனவர்களில் பக்தர்கள் சிலர்தான். ஓட்டப் பயிற்சி செய்பவர்கள், காதலர்கள், நாயோடு வந்தவர்கள், தேர்வுக்கு வேண்டிக்கொண்டு ஏறும் மாணவிகள், கால்பந்துக் குழுவின் வெற்றிக்கு நேர்ந்துகொண்டவர்கள். மூச்சு வாங்கி நின்ற ஒரு பெரியவர் பக்கத்தில் நானும் நின்றேன்.

"தினமும் ஏறுவீர்களா, ஐயா?"

"முன்பெல்லாம் தினமும். இப்போது சனிக்கிழமை மட்டும்" என்றார். "என் மனைவியோடு முதன்முதலில் பேசியது இந்த வளைவில்தான். எத்தனையாவது என்று எண்ணி வைத்திருக்கிறேன். சொல்ல மாட்டேன்."

இருவரும் சிரித்துக்கொண்டே ஏறினோம். உச்சியில் கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால் ஒருபக்கம் அப்பெனைன் மலைகளின் பசுமை. மறுபக்கம் செங்கல் நிறத்தில் நகரம், நடுவே இரட்டைக் கோபுரம்.

உள்ளூர்க்காரரைப் போல நடப்பதற்கு யாருக்கும் தெரியாத மூலை எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் எதிரே வருபவருக்கு வழிவிடுவது, கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்வது, காப்பியை நின்றபடி குடித்துவிட்டு இடத்தைக் காலி செய்வது, இரவில் பேச்சைத் தாழ்த்துவது, ஒரே கடைக்கு மறுநாளும் போவது. இவைதான் அந்த ஊர் நடை. ஃபிளாரன்ஸிலிருந்து ஒரு பகலுக்கு வந்துபோகாமல் சில இரவுகள் தங்குங்கள். காலையில் சந்தை, மதியம் சலாபோர்சா, மாலையில் எந்தத் தெருவென்று முடிவு செய்யாத ஒரு நடை.

பொலோன்யாவின் பெருமையை நான் கோபுரங்களில் தேடுவதில்லை. தன் நிலத்தில் ஒரு கீற்றை அந்நியருக்கென்று விட்ட வீட்டுக்காரர்களிடம்தான் அது இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அந்தத் தரையைக் கூட்டுகிறார்கள், கூரையைச் செப்பனிடுகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். யார் நடக்கிறார் என்று கேட்பதில்லை. நடைபாதை தானாக முளைப்பதில்லை. ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், ஓர் ஊர் அதைச் சட்டமாக்க வேண்டும், பின்வருபவர்கள் அதைக் கைவிடாமல் இருக்க வேண்டும். மூன்றும் எழுநூறு ஆண்டுகளாக நடந்துவருவதால்தான் எங்கிருந்தோ வந்த நாமும் அங்கே குடையில்லாமல் நடக்க முடிகிறது.